ஆயுசுக்கும் மாத்திரைன்னா, ஆயுசுக்கும் அதே அளவா?



வேர்வைக்கு எங்க ஊருல இருக்கிற மரியாதை வேற எதுக்கும் கெடையாது. நனைஞ்ச சட்டையோட காட்டுல இருந்து வர்றவனைப் பாத்தா "பாடுபடறான் பாரு"ம்பாங்க. வேர்க்காம வந்தா "வேப்ப மரத்தடியில படுத்திருந்தியா"ன்னு கேப்பாங்க. அதனால, தோட்டத்துல வேலை செய்யற பொம்பளைக்கு வேர்த்து ஊத்துதுன்னா அதை யாரும் ஒரு தொந்தரவா நெனைக்கிறதே இல்லீங்க. ஏசி ஆபீஸ்ல உங்களுக்கு அப்படி வேர்த்தா, பக்கத்து சீட்டுக்காரரே "என்னாச்சு, டாக்டரைப் பாருங்க"ன்னு சொல்லிருவாரு. எங்களுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை.

இன்னைக்கு நான் சொல்ல வந்தது தைராய்டு மாத்திரை போடறவங்களுக்கு வர்ற வேர்வையைப் பத்தி. எங்க தெருவுல மட்டும் என்னையும் சேத்து ஒன்பது பேரு அந்த மாத்திரை போடறோம். ஒன்பதுல எட்டு பொம்பளைங்க. உங்க அம்மா, அத்தை, பெரியம்மா யாராவது ஊருல போட்டுக்கிட்டு இருப்பாங்க. அவங்களுக்காகத்தான் இதைப் படிக்கச் சொல்றேன்.

"எனக்குத் தைராய்டு இருக்கு"ன்னு எல்லாரும் சொல்றோம். தைராய்டு எல்லாத்துக்கும் இருக்குதுங்க, கழுத்துல, பட்டாம்பூச்சி மாதிரி. அது சுரக்க வேண்டியது கம்மியாப் போனதுதான் எங்க பிரச்சினை. கம்மியாப் போனா உடம்பு அடுப்பைத் தணிச்ச மாதிரி ஆயிரும். எனக்கு 2014-ல கண்டுபிடிச்சாங்க. அப்போ சித்திரை வெயில்லயே எனக்குக் குளிரும். தோலு பனை ஓலையாட்டம் சொரசொரன்னு இருக்கும். பகல்ல உக்காந்த எடத்துல தூக்கம். முக்கியமா, வேர்க்காது. மத்தவங்க களை வெட்டி நனைஞ்சு நிக்கையில நான் மட்டும் காஞ்சு நிப்பேன்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, தைராய்டு கம்மியான ஆளுக்கு வேர்வை கம்மியா வர்றதுதான் வழக்கம். அப்படிப்பட்ட ஆளுக்குத் திடீர்னு வேர்வை கொட்ட ஆரம்பிச்சா, அது நோயால வர்றதைவிட மாத்திரை அளவு கூடிப் போனதால வர்றதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். இந்த ஒரு விசயம் தெரியாமத்தான் எங்க ஊருல பாதிப் பேரு அல்லாடறாங்க.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். நாலு வருசத்துக்கு முன்னால முட்டி வலின்னு டவுன்ல ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்புக்குச் சத்து இல்லைன்னு கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்து, காலையில போடச் சொன்னாங்க. தைராய்டு மாத்திரையும் காலையிலதான். ரெண்டையும் ஒண்ணா முழுங்கினா, கால்சியம் அந்தத் தைராய்டு மருந்தைக் குடல்லயே புடிச்சு வச்சுக்கும், ரத்தத்துல சேர விடாது. ரெண்டுக்கும் நடுவுல நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும். எழுதிக் கொடுத்தவங்க இதைச் சொல்லலை. மருந்துக்கடையிலயும் சொல்லலை. அடுத்த தடவை ரத்தம் பாத்தப்போ தைராய்டு ஏறுமாறா இருக்குன்னு 75-ஐ 100 ஆக்கினாங்க, அப்புறம் 125. "வேற என்ன மாத்திரை போடறீங்கம்மா"ன்னு ஒரு வார்த்தை கேக்கலை.

ஆவணியில கால்சியம் போதும்னு நிறுத்திட்டாங்க. 125 மட்டும் நிக்கலை. புடிச்சு வைக்க ஆள் இல்லாததால இப்போ மொத்தமும் உள்ள போகுது. கார்த்திகைக் கடைசியில ஆரம்பிச்சுது வேர்வை.

மார்கழி மாசம், விடியக்காலம் நாலரை மணிக்குக் கட்டுத்தறியில சாணி அள்ளறோம். எங்க வீட்டுக்காரரு தலையில துண்டு, மேல கம்பளி. எனக்கு ரவிக்கை முதுகோட ஒட்டிக் கிடக்குது. சொசைட்டிக்குப் பால் ஊத்தறப்போ கை நடுங்கி வெளியில சிந்துது. ராத்திரி படுத்தா நெஞ்சு அடிக்கிறது காதுல கேக்கும். மூணு மாசத்துல அஞ்சு கிலோ இறங்கிட்டேன். அதைப் பாத்துட்டு ஊரே "நல்லா இளைச்சு அம்சமா இருக்கற"ன்னு பாராட்டுது! எங்க ஓரகத்தி "அந்த வயசு அப்படித்தானுங்க்கா"ன்னா. எனக்கு மாதவிலக்கு நின்னு அஞ்சு வருசம் ஆகுது, அப்போ வராதது இப்போ எதுக்கு வருதுன்னு எனக்கு யோசனை. வீட்டுக்காரரு "சூடு, எண்ணெய் தேச்சுக் குளி"ன்னாரு. குளிச்சேன், எண்ணெய் வழுக்குனதும் வேர்வையும் சேந்து ஓடுச்சு.

பழைய ஆஸ்பத்திரியில "மாத்திரையை அப்படியே தொடருங்க"ன்னு சீட்டுல மறுபடியும் 125-ன்னு எழுதிட்டாங்க. ரத்தம் எடுக்கலை. அதுக்கப்புறம் வேற எடத்துல ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. "வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரையும், காலி அட்டை உட்பட, எடுத்துட்டு வாங்க"ன்னாங்க. மஞ்சப்பையில கட்டி எடுத்துட்டுப் போய் மேசையில கொட்டினேன். காலி கால்சியம் அட்டையை எடுத்து வச்சுக்கிட்டு, "இது எப்போ நின்னுது?"ன்னாங்க. அவ்வளவுதான், கதை புரிஞ்சு போச்சு. டி.எஸ்.ஹெச். பாத்தா 0.05.

இந்த நம்பரு தலைகீழா வேலை செய்யறதால பல பேருக்குக் குழப்பம். டி.எஸ்.ஹெச். ஏறினா தைராய்டு கம்மி, டி.எஸ்.ஹெச். இறங்கினா தைராய்டு அதிகம். எனக்கு விளங்கினது இப்படி. நாங்க கீழ்பவானி வாய்க்கால் பாசனம். கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா அங்க இருக்கிறவங்க சத்தம் போடுவாங்க. எவ்வளவுக்கு வரலையோ அவ்வளவுக்குச் சத்தம். தண்ணி ரொம்பி வயலு முழுகிப் போச்சுன்னா சத்தமே வராது. தலைக்குள்ள இருக்கிற பிட்யூட்டரிங்கிற சுரப்பி போடற சத்தம்தான் டி.எஸ்.ஹெச். பொதுவா 0.4-ல இருந்து 4-க்குள்ள இருந்தா சரிம்பாங்க, லேபுக்கு லேபு கொஞ்சம் மாறும், வயசானவங்களுக்குக் கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லைம்பாங்க. 0.05-ன்னா என் வயலு முழுகிக் கிடந்துருக்குது.

வேர்வையோட போயிருந்தா நான் இவ்வளவு எழுத மாட்டேனுங்க. அளவு கூடிப்போய் வருசக்கணக்கா அப்படியே இருந்தா நெஞ்சுத் துடிப்பு தாறுமாறா ஆகலாம், எலும்பு தேயலாம். மாதவிலக்கு நின்ன பொம்பளைங்களுக்கு எலும்பு இன்னும் சீக்கிரம் தேயும். பாத்தீங்களா கூத்தை, எலும்புக்குன்னு கொடுத்த கால்சியத்தால ஏத்தின மாத்திரை, கடைசியில எலும்பையே திங்கப் பாத்துருக்குது.

இப்போ என் கருத்துக்கு வர்றேன். தைராய்டு கண்டுபிடிச்ச அன்னைக்கு எல்லா டாக்டரும் ஒரு வாக்கியம் சொல்லுவாங்க: "இதை ஆயுசுக்கும் போடணும்." அது உண்மைதான். ஆனா அதைக் கேக்கற எங்க ஆளுங்க காதுல அது "ஆயுசுக்கும் இதே மாத்திரை, இதே அளவு"ன்னு விழுகுது. சீட்டை மடிச்சு சாமி படத்துக்குப் பின்னால வச்சுருவாங்க. டப்பா தீந்தா காலி டப்பாவை மருந்துக்கடைக்குக் கொடுத்தனுப்பினா அதே நம்பர் வந்துரும். ஏழு வருசம், எட்டு வருசம் ரத்தமே பாக்காதவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. மஞ்சளுக்கு ஐப்பசி மழையிலயும் மாசி வெயில்லயும் ஒரே மாதிரி தண்ணி கட்டினா ஊரே சிரிக்கும். உடம்பு எடை கூடும், குறையும், வயசாகும், வேற மாத்திரை சேரும், நிக்கும். அதுக்கெல்லாம் தகுந்த மாதிரி அளவு மாறித்தான் ஆகணும். நல்லா இருக்கிறவங்களே வருசத்துக்கு ஒரு தடவையாவது பாக்கணும். அளவை மாத்தினா ஆறுல இருந்து எட்டு வாரம் கழிச்சு மறுபடியும் பாக்கணும்.

இத்தனைக்கும் அளவு எவ்வளவு சின்னதுன்னு நெனைக்கறீங்க? 125-ங்கிறது மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு வச்சா அதுல 125 பங்கு. மருந்துக்கடையில இதே மருந்து, லெவோதைராக்சின், தைரோநார்ம்னும் எல்ட்ராக்சின்னும் பேரு போட்டு 12.5, 25, 50, 75, 88, 100, 112, 125-ன்னு அடுக்கி வச்சிருக்காங்க. 88-க்கும் 100-க்கும் என்ன வித்தியாசம் இருந்துறப் போகுதுன்னு தோணும். வித்தியாசம் இருக்கிறதாலதானே தனித்தனியாச் செய்யறான்?

இடையில ஒண்ணு. நான் ஆடு வளக்கறவ, அதனால இந்தச் சேதி எனக்கு ரொம்பப் புடிச்சுது. 1891-ல இங்கிலாந்துல ஜார்ஜ் மர்ரேன்னு ஒரு டாக்டரு, தைராய்டு கம்மியாகி வீங்கிப் போயிருந்த 46 வயசு அம்மாவுக்குச் செம்மறி ஆட்டோட தைராய்டுல இருந்து சாறு எடுத்து ஊசி போட்டாரு. அந்தம்மா அதுக்கப்புறம் 28 வருசம் உசிரோட இருந்தாங்க. ஆட்டுச் சாறுல அளவை இன்னைக்கு மாதிரி துல்லியமா வைக்க முடியுமா? ஆட்டுக்கு ஆடு மாறுமே. இன்னைக்கு மைக்ரோகிராம்ல அளந்து கொடுக்க வழியிருந்தும் நாம கண்ணை மூடிக்கிட்டு முழுங்கறோம்.

வேர்வை தாங்காம மாத்திரையையே நிறுத்தறவங்க இன்னொரு பக்கம். எங்க ஊருல ஒரு பெரியம்மா அப்படித்தான் பண்ணுனாங்க. மூணு மாசத்துல தைராய்டை விரட்டலாம்னு செல்போன்ல ஒருத்தர் பேசுனதைக் கேட்டு, மாத்திரையை விட்டுட்டு ஏதோ பொடியைக் கரைச்சுக் குடிச்சாங்க. வேர்வை நின்னுது! ஊரெல்லாம் சொல்லி பத்துப் பேரு பொடி வாங்கினாங்க. இந்த மருந்து ரத்தத்துல பாதியாக் குறையவே சுமாரா ஒரு வாரம் ஆகும். அதனால விட்ட உடனே ஒண்ணும் தெரியாது. கூடுதலா இருந்தது மெல்ல வடியறப்போ வேர்வை நிக்கும், தெம்பாக் கூட இருக்கும். அதுதான் ஏமாத்து. நாலு மாசத்துல அந்தப் பெரியம்மா மூஞ்சி வீங்கி, தொண்டை கரகரத்து, படியேற முடியாம உக்காந்துட்டாங்க. பொடி வித்தவரு அதுக்குள்ள சர்க்கரைக்குப் பொடி விக்கப் போயிட்டாரு. அளவைக் குறைக்கிறதோ கூட்டறதோ ரத்தத்தைப் பாத்து டாக்டர் செய்யற வேலை. நானாப் பாதியா உடைச்சுப் போட்டுக்கறேன்கிற கதை வேண்டாமுங்க.

எல்லா வேர்வையும் தைராய்டு மாத்திரையால வர்றதும் இல்லை. சுகருக்கு மாத்திரை, ஊசி போடறவங்களுக்குப் பசியோட நடுங்கி சில்லுன்னு வேர்த்தா சர்க்கரை இறங்குதுன்னு அர்த்தம், உடனே இனிப்பா எதையாவது வாயில போடணும். நெஞ்சு அமுத்தி வேர்த்தா 108-ஐக் கூப்பிடணும். ராத்திரி ராத்திரி துணி நனையற மாதிரி வேர்த்து, ரெண்டு வாரத்துக்கு மேல இருமலும் இருந்தா சளி பாக்கணும், டி.பி.யா இருக்கலாம். அப்புறம் எங்க தொழில்லயே ஒண்ணு இருக்கு. பூச்சி மருந்து அடிச்சுட்டு வந்தவனுக்கு வேர்த்துக் கொட்டி, வாயில எச்சி ஊறி, கண்ணு மங்கினா அது வெயில் இல்லை. மருந்து உடம்புல ஏறியிருக்குது. சட்டையைக் கழட்டி சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவோட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும். "வெயில்ல நின்னுருப்பான், மோர் குடு"ன்னு உக்கார வச்சு ஆளை இழந்த வீடு எனக்குத் தெரியும்.

சரி, அளவு குறைச்சாச்சு, உடனே வேர்வை நின்னுச்சான்னா, இல்லை. 125-ல இருந்து 100, ஆறு வாரம் கழிச்சுப் பாத்தா இன்னும் கூடத்தான் இருக்குன்னு 88. இதுக்குள்ள மாசி, பங்குனி வந்து மஞ்சள் வேக வைக்கிற கொப்பரைக்குப் பக்கத்துல நிக்க வேண்டியதாப் போச்சு. அப்புறம் கத்திரி. எங்க ஈரோட்டு வெயிலு 40 டிகிரியைச் சாதாரணமாத் தாண்டும். அந்த நாலு மாசத்தை ஓட்டறது எப்படின்னு நானே ஒவ்வொண்ணாக் கண்டுபுடிச்சேன்.

சேலைக்கு மேல ஆம்பளை சட்டை போடறது எங்க பக்கம் காட்டு வேலைக்கு வழக்கம். வீட்டுக்காரரோட பாலியஸ்டர் சட்டையைத் தூக்கிப் போட்டுட்டுப் பழைய பருத்திச் சட்டையா எடுத்துக்கிட்டேன். தோள்ல ஈரிழைத் துண்டு ரெண்டு, ஒண்ணு நனைஞ்சா ஒண்ணு வரப்புல காயும். வேலை காலையில அஞ்சரைக்கு ஆரம்பிச்சு பத்து மணிக்கு முடிப்பு, மறுபடியும் நாலு மணிக்கு மேல. கூலிக்கு வர்ற பொம்பளைங்களும் "இது நல்லா இருக்குதுங்க்கா"ன்னு அதையே புடிச்சுக்கிட்டாங்க. வெறும் தண்ணியாக் குடிச்சா தலை சுத்துச்சு, வேர்வையில உப்பும் போகுதில்ல. உப்புப் போட்ட மோரும், கம்பங்கூழும், நீராகாரமும்தான் காப்பாத்துச்சு. பிரஷர், கிட்னிக் கோளாறு இருக்கிறவங்க உப்பை டாக்டர்கிட்டக் கேட்டுட்டுப் போடுங்க.

இடுக்குல எல்லாம் வேர்க்குரு, அப்புறம் படர்தாமரை. படர்தாமரைக்கு மருந்துக்கடையில ஒரு டியூப் தருவாங்க, ரெண்டு நாள்ல அரிப்பு நின்னு, விட்டதும் ரெண்டு மடங்கா வரும். அதுல ஸ்டீராய்டு கலந்திருக்குது. டாக்டர் சீட்டு இல்லாம அதைத் தொடாதீங்க.

வேலையைவிட வெக்கம்தான் பெருசுங்க. கல்யாண வீட்டுல பட்டுச் சேலையோட உக்காந்தா முதுகுல மேப்பு வரைஞ்ச மாதிரி நனைஞ்சு நிக்கும். பொட்டு நிக்காது. பஸ்ல பக்கத்துல இருக்கிற பொண்ணு ஒதுங்கி உக்காரும். ரேசன் கடையில விரல் வைக்கணும், ஏற்கனவே கருக்கருவா புடிச்சுத் தேஞ்ச ரேகை, அதுல வேர்வை வேற. மெசின் ஏத்துக்கவே ஏத்துக்காது. பின்னால வரிசையில நிக்கிறவங்க முணுமுணுப்பாங்க. முந்தானையில துடைச்சு, ஊதி, மறுபடியும் வச்சு. அரிசி வாங்கறதுக்குள்ள இன்னும் வேர்க்கும்.

பிரஷருக்கும் சுகருக்கும் இன்னைக்கு நெலைமை பரவாயில்லை. 2021-ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு மாத்திரை வீட்டுக்கே வருது, வர்ற பொண்ணு பிரஷரைப் பாத்து எழுதிக்கிட்டும் போகுது. "ஏனுங்மா, இந்தத் தடவை கூட இருக்குதே"ன்னு அது கேக்கறதுக்காகவே எங்க மாமியாரு ஊறுகாயைக் குறைச்சுக்கிட்டாங்க. தைராய்டைக் கேட்டு எங்க வாசலுக்கு யாரும் வர்றதில்லை. அதனாலதான் டவுன்ல இருக்கிற உங்ககிட்டச் சொல்றேன்.

ஞாயித்துக்கிழமை போன் பண்றீங்க, "மாத்திரை போட்டியாம்மா?"ன்னு கேக்கறீங்க. அவங்களும் "போட்டேன் கண்ணு"ம்பாங்க. கேள்வியை மாத்துங்க. கடைசியா ரத்தம் எப்போ எடுத்தது, டி.எஸ்.ஹெச். எவ்வளவு, டப்பா மேல என்ன நம்பரு போட்டிருக்குது? படிக்கத் தெரியலைன்னா பக்கத்து வீட்டுப் பையனை போட்டோ புடிச்சு அனுப்பச் சொல்லுங்க. மாத்திரையை வெறும் வயித்துல தண்ணியோட போட்டு, காபிக்கு முன்னால அரை மணி, முடிஞ்சா ஒரு மணி நேரம் விடறாங்களான்னு கேளுங்க. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை கூடப் போடறாங்களான்னு கேளுங்க. புதுசா ஏதாவது சேந்துச்சா, நின்னுச்சான்னு கேளுங்க. டப்பாவைத் தகர ஓட்டுக்குக் கீழ ஜன்னல்ல வச்சிருந்தா எடுத்து உள்ள வைக்கச் சொல்லுங்க, வெயிலும் ஈரமும் இந்த மருந்துக்கு ஆகாது.

இன்னொண்ணு, முடி கொட்டுதுன்னு நீங்க பாசமா வாங்கி அனுப்பற பயோட்டின் மாத்திரை. அது ரத்தப் பரிசோதனையையே பொய் சொல்ல வைக்கும், தைராய்டு கூட இருக்கிற மாதிரி காட்டும். டெஸ்ட்டுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாலயே நிறுத்தச் சொல்லி டாக்டர்கிட்டச் சொல்லணும். ரத்தம் கொடுக்கிற அன்னைக்குக் காலையில தைராய்டு மாத்திரையை ரத்தம் கொடுத்துட்டுப் போட்டுக்கலாம்.

அப்புறம், "ரொம்ப வேர்க்குது கண்ணு"ன்னு அவங்க சொன்னா "அங்க வெயில் அதிகம்மா, ஏசி போட்டுத் தரட்டுமா"ன்னு கேக்கறதுக்கு முன்னால, மார்கழியிலயும் இப்படித்தான் வேர்த்துச்சான்னு ஒரு வார்த்தை கேளுங்க.

எனக்கு போன மாசம் டி.எஸ்.ஹெச். 1.8. 88-லயே இருக்கேன். இழந்த அஞ்சு கிலோவுல மூணு திரும்பிருச்சு, ஊருல "என்ன, பழையபடி ஊதிட்ட"ங்கறாங்க. மணி நாலாச்சு, மாடு ரெண்டும் கத்துது, பால் கறக்கப் போறேனுங்க.